அரிசியில் தெரிந்த பன்றி

என் பிரியாவிடைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "மெடம் பொறுமையின் இருப்பிடம்" என்று பேசினார். நான் மேடையில் இருந்தபடியே சிரித்துவிட்டேன். என்னோடு வேலை செய்த யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள். எனக்குக் கோபம் வரும். வந்தால் சத்தமாகவே வரும். அந்தக் கோபத்தால் ஒரு மனிதனின் பிழைப்பு தப்பியது. புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். "பிள்ளைகளுக்கு உற்சாகமாக ஏதாவது எழுதித் தாருங்கள்" என்று கேட்டிருந்தார்கள். உற்சாகம் வேண்டுமென்றால் தேத்தண்ணி குடியுங்கள்.

நம் வேலை டிஎன்ஏ துண்டுகளைக் கோப்பது. ஒவ்வொரு துண்டின் முனையிலும் நாலு எழுத்து நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நாலு எழுத்துக்குப் பொருந்துகிற துண்டுதான் பக்கத்தில் வந்து ஒட்டும், வேறு எதுவும் ஒட்டாது. ரயில் பெட்டிக் கொக்கி மாதிரி என்று சொல்லிக்கொடுப்பேன். நம் ஊருக்கு ரயில் வரவே இல்லை, மட்டக்களப்போடு நின்றுவிட்டது. ஆனாலும் கல்முனைப் பிள்ளைகளுக்கு அந்த உவமைதான் விளங்குகிறது. கோத்த சங்கிலியைப் பக்டீரியாவுக்குள் விட்டால், அது வளர வளரக் கோடிக்கணக்கில் பிரதி எடுத்துத் தரும். இதெல்லாம் கைப்பழக்கம். ஒரு வருடத்தில் வந்துவிடும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதைத்தான் யாரும் உங்களுக்குப் பழக்க மாட்டார்கள்.

எங்கள் ஆய்வுகூடத்தில் ஹலால் சோதனை தொடங்கிய காலம். உணவில் எந்த மிருகத்தின் டிஎன்ஏ இருக்கிறது என்று பார்க்கும் சோதனை. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பிசிஆர்தான். ஒரு மாதிரியைச் சோதிக்கும்போது பக்கத்தில் நிச்சயமாகப் பன்றி உள்ள ஒன்றையும் வைக்க வேண்டும். அதில் பன்றி தெரிந்தால்தான் இயந்திரமும் மருந்தும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று அர்த்தம். மற்ற ஊர் ஆய்வுகூடங்களில் கடையில் ஒரு துண்டு பன்றி இறைச்சி வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

எங்கள் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்ததும் எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். பணிப்பாளர் கையை விரித்தார். "மிஸ், இந்த வாசல் தாண்டி அது வரப்படாது. நீங்கதான் துண்டு கோக்கிற ஆள். வேற வழி பாருங்க."

நானும் சரியென்றேன். எனக்கும் அது உள்ளே வருவது பிடிக்கவில்லை. வேறு வழியும் இருந்தது. மாடு, ஆடு, கோழி, பன்றி ஆகிய நாலு மிருகங்களையும் அடையாளம் காட்டுகிற சின்னச் சின்ன டிஎன்ஏ துண்டுகளை எழுத்தாகவே எழுதி அனுப்பிச் செயற்கையாகச் செய்வித்தோம். அவை நாலையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரே சங்கிலி ஆக்கினேன். அந்தச் சங்கிலி ஒன்று இருந்தால் நாலு சோதனைக்கும் போதும். அதில் பன்றியின் ஒரு மயிர்கூட இல்லை. இரத்தமில்லை, கொழுப்பில்லை, வெறும் எழுத்து. முதல் தடவையிலேயே பிசகாமல் கோத்துக்கொண்டது. அந்தச் சங்கிலியில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இறைச்சித் துண்டு மேசையில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். மணக்கும். எடுத்து எறிந்துவிட்டுத் துடைப்போம். சங்கிலி தெரியாது, மணக்காது. டியூப்பின் மூடியைத் திறக்கும்போது தெறிக்கிற ஒரு பொட்டில் ஊரில் உள்ள அத்தனை பன்றியையும் சேர்த்தாலும் வராத அளவு பன்றி எழுத்து இருக்கும். அதனால்தான் சங்கிலி வேலை பின்னறையிலும் உணவு மாதிரி அரைக்கிற வேலை முன்னறையிலும் இருந்தன. பின்னறைக் கோட்டு முன்னறைக்கு வரக்கூடாது. அது சட்டம்.

அந்தச் சட்டத்தை ஒரு தடவை உடைத்தார்கள். வெளியிலிருந்து பெரிய ஆட்கள் ஆய்வுகூடத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று பணிப்பாளர் பின்னறைச் சாமான்களை முன்னறைக்கு எடுக்கச் சொன்னார். சங்கிலி ஏற்றிய, சிவப்பும் பச்சையுமாக ஒளிர்கிற பக்டீரியாத் தட்டுகளை வாசலிலேயே காட்ட வேண்டுமாம்.

"சேர், அங்க மாதிரி அரைக்கிற இடம்" என்றேன்.

"ஒரு நாளைக்குத்தானே மிஸ். மறுகா துடைச்சிட்டாப் போச்சு."

"துடைச்சாப் போற சாமான் இல்ல இது."

"நீங்க எல்லாத்துக்கும் சண்டதான்" என்று சிரித்தார். சிரித்தபடியே எடுப்பித்தும் விட்டார். வந்தவர்கள் படம் எடுத்தார்கள், வடை தின்றார்கள், போனார்கள். சாமான்கள் பின்னறைக்குத் திரும்பின. மேசை துடைக்கப்பட்டது. எல்லாரும் மறந்தார்கள்.

நோன்பு நெருங்கியது. நோன்பு என்றால் நம் ஊர்ப் பின்னேரங்களில் கஞ்சி, பலூடா, ஜெலி. ஜெலி என்றால் சலீம். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கடைகளில் இருக்கிற அந்தச் சின்ன ஜெலிக் கப் அவனுடையது. வீட்டின் பின்பக்கத்தில் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு வேலை கொடுக்கிற அளவுக்கு வளர்த்திருந்தான். அந்த வருடம் யாரோ ஒரு புண்ணியவான் வட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று விட்டான். சலீமின் ஜெலியில் போடுகிற ஜெலட்டின் பன்றித் தோலில் எடுத்ததாம். குரலுக்கு உடையவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அது எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டே நாளில் கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் அவன் மகளைச் சுற்றிப் பிள்ளைகள் உறுமிக் காட்டினார்கள்.

சலீம் ஓடி ஒளியவில்லை. நேரே பள்ளிவாசலுக்குப் போய், "நான் போடுறது மாட்டு ஜெலட்டின். சோதிச்சுப் பாருங்க. இருந்தா நானே கடைய மூடுறன்" என்றான். பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்த மரைக்கார் ஒருவர் ஜெலிக் கப்களைத் தானே எடுத்து, கட்டி, கையெழுத்து வைத்து எங்களிடம் கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் முடிவை அறிவிப்பது என்று பேச்சு.

சோதித்தவள் ரிஸ்னா. சாய்ந்தமருதுப் பிள்ளை, கை சுத்தம், வாய் குறைவு. செவ்வாய்க்கிழமை காலையில் என் மேசைக்கு வந்து நின்றாள். முகத்தில் இரத்தமில்லை.

"மெடம், இரிக்கி."

"என்ன இரிக்கி?"

"பன்றி. மூணு கப்பிலயும் இரிக்கி. வெறும் தண்ணியையும் ஓட்டினன், அதுல ஒண்டும் இல்ல. சுத்தமா இரிக்கி. பிழையில்ல மெடம்."

அவள் சொன்னது சரியான வாதம். வெறும் தண்ணீரில் பன்றி தெரிந்தால் ஆய்வுகூடத்தில் அழுக்கு. தண்ணீர் சுத்தம், ஜெலியில் மட்டும் பன்றி என்றால் ஜெலிதான் குற்றவாளி. எந்தப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும். நான் யோசித்து முடிப்பதற்குள் பணிப்பாளருக்குச் செய்தி போய்விட்டது. அவர் மரைக்காருக்குக் கதைத்துவிட்டார். மத்தியானத்துக்குள் வட்ஸ்அப்பிலும் வந்துவிட்டது. எங்கள் கூரைக்குக் கீழே வாயை மூடி வைத்திருக்கத் தெரியாத ஆள் யாரென்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. எழுத மாட்டேன்.

எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. ஏன் என்று உடனே சொல்லத் தெரியவில்லை. சலீம் நல்லவன் என்பதற்காக இல்லை. நல்லவர்களும் மலிவாகக் கிடைத்தால் வாங்குவார்கள். ஜெலட்டினைக் காய்ச்சி, சுட்டு, சுத்திகரித்துத்தான் எடுக்கிறார்கள். அதில் டிஎன்ஏ மிச்சம் இருப்பதே கொஞ்சம். திரையில் டிஎன்ஏ அளவைக் காட்டுகிற ரிஸ்னாவின் கோடுகளோ உயரத்துக்கு ஏறியிருந்தன. பன்றியை அப்படியே பிழிந்து ஊற்றினால்தான் அந்த அளவுக்கு வரும்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் கொழும்பில் ஒரு சிங்கள அம்மையார். தன் பெயரை எங்கும் எழுதக்கூடாது என்பார், அதனால் எழுதவில்லை. அவரிடம் யாராவது முடிவோடு ஓடிவந்தால், "நீ என்ன கேட்டாய்?" என்றுதான் முதலில் கேட்பார். இயந்திரம் நாம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும், கேட்காததைத் தானாக வந்து சொல்லாது என்பார்.

"ரிஸ்னா, பன்றி மட்டுமா கேட்டாய்?"

"பன்றிதானே மெடம் பிரச்சின."

"போய் அதே ஜெலிச் சாறுல மாட்டையும் கேள். ஆட்டையும் கோழியையும் கேள்."

"என்னத்துக்கு மெடம்? ஜெலிக்குள்ள கோழி எப்படி..."

"அதைத்தான் நானும் கேக்கிறன். போ."

பின்னேரம் முடிவு வந்தது. ஜெலியில் பன்றி இருந்தது. மாடு இருந்தது. ஆடு இருந்தது. கோழியும் இருந்தது. நாலும் ஒரே உயரத்தில், சொல்லி வைத்த மாதிரி.

உலகத்தில் எந்த மடையனும் ஜெலிக்குள் ஆட்டையும் கோழியையும் சம அளவில் கலக்க மாட்டான். அந்த நாலும் ஒன்றாக இருக்கிற சாமான் ஒன்றுதான். அதை நான் என் கையால் கோத்திருந்தேன்.

ரிஸ்னா கதிரையில் இருந்துவிட்டாள். "அப்ப தண்ணி ஏன் சுத்தமா வந்த?"

"தண்ணிய எங்க எடுத்தாய்?"

"மருந்து கலக்கிற சுத்த அறையில."

"ஜெலிய எங்க அரைச்சாய்?"

அவள் முன்னறையின் கிரைண்டரைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் அந்த கிரைண்டருக்குள் போனதே இல்லை. பெரிய ஆட்கள் படம் எடுத்த மேசையில்தான் அந்த கிரைண்டர் இருந்தது.

ஊகத்தை வைத்து நான் சண்டை போடுவதில்லை. பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவிலிருந்து வருகிற கஜன் எங்களோடு வேலை செய்தான். கிணற்றுத் தண்ணீர் சோதனை மட்டும்தான் அவன் வேலை, கட்டிடத்தின் மறுகோடியில் இருப்பான். எந்த மிருகமும் படாத ஒன்று தேவைப்பட்டதால், அவனிடம் சாப்பாட்டுக்கு என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அன்றைக்கு அவன் அக்காவுக்குக் கொடுக்க வயலில் விளைந்த பச்சரிசி ஒரு பையில் கொண்டுவந்திருந்தான். ஒரு பிடி வாங்கி, ரிஸ்னாவைக் கொண்டு அதே கிரைண்டரில் அரைப்பித்து, ஜெலியைச் சோதித்த மாதிரியே சோதிக்கச் சொன்னேன்.

மறுநாள் காலையில் கஜன் திரைக்கு முன்னால் நின்று தலையில் கை வைத்தான். "மெடம், எங்கட அரிசியில பன்றி!"

"மாடும் இரிக்கி" என்றாள் ரிஸ்னா.

"கோழி?"

"ஓம். ஆடும்."

"நாங்க சைவம் மெடம். அம்மாட்டச் சொன்னா வயல வித்துப் போடுவா."

செவ்வாய்க் காலைக்குப் பிறகு ரிஸ்னா சிரித்தது அப்போதுதான். பிறகு சிரிப்போடு அழுகையும் வந்தது. "நான் சலீம் காக்காட பேரக் கெடுத்துட்டன் மெடம்" என்றாள். அழுதது போதும், முகத்தைக் கழுவிவிட்டு வா என்றேன். அவளுக்கு அது கடுமையாகப் பட்டிருக்கும். அவள் அரைத்தாள், ஓட்டினாள், கண்டதைச் சொன்னாள். அவளுடைய கையில் பிழையில்லை. பிழை, படம் எடுத்தவர்களுக்கு மேசை போட்டுக் கொடுத்த இடத்தில் இருந்தது.

அரிசித் தாளை எடுத்துக்கொண்டு பணிப்பாளரிடம் போனேன். அவர் நெடுநேரம் பார்த்தார். மனிதர் படித்தவர், உடனே விளங்கியது. விளங்கியதும் வேறு கணக்குப் போட்டார்.

"சரி மிஸ். சோதனையில தெளிவான முடிவு வரல எண்டு எழுதிக் குடுப்பம்."

"ஊர் ஏற்கனவே இரிக்கி எண்டு கேட்டுட்டு. இப்ப தெளிவில்ல எண்டு சொன்னா என்ன நெனைக்கும்? சலீம் எங்களக் காசால கவனிச்சிட்டான் எண்டு நெனைக்கும்."

"அதுக்கு நாங்க என்ன செய்யலாம்?"

"திருப்பிச் செய்யலாம். இந்தக் கட்டிடத்துக்கு வெளிய. மறுகா உண்மையான பன்றி வேணும்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். நான் உட்காரவில்லை. விளக்கமாகச் சொன்னேன். புதிய இடத்தில், புதிய சாமான்களில் செய்து ஜெலியில் பன்றி இல்லை என்று வந்தாலும் ஒருவன் கேட்பான்: அங்கே பன்றி இருந்திருந்தால் உங்களால் கண்டுபிடித்திருக்க முடியுமா என்று. முடியும் என்று காட்ட நிச்சயமான பன்றி வேண்டும். என் சங்கிலியை இனிப் பயன்படுத்த முடியாது. அதன் டியூப்பைத் திறந்த நிமிடமே அந்த இடமும் கெட்டுவிடும். பன்றி வாசல் தாண்டக்கூடாது என்று சொல்லித்தான் அதைவிட மோசமான ஒன்றைச் செய்து உள்ளே வைத்திருக்கிறோம். ஒரு துண்டு இறைச்சி மூடிய டப்பாவில் இருந்தால் இருக்கிற இடத்தில் இருக்கும்.

"மிஸ், நீங்க ஒரு முஸ்லிம் பொம்புள" என்றார்.

"அதனாலதான் சேர் கேக்கிறன். கெட்டது ஒரு முஸ்லிமுட பேர்."

கடைசியில் அவர், "மரைக்கார் ஒத்துக்கிட்டாச் செய்ங்க" என்று பொறுப்பைக் கழற்றினார். அது எனக்குப் போதும். மரைக்கார், தான் பக்கத்தில் இருந்து பார்ப்பதென்றால் சரி என்றார்.

இடம் கஜன் பார்த்தான். காரைதீவில் அவன் அக்கா நடத்துகிற டியூஷன் கொட்டில், பகலில் காலியாகக் கிடக்கும். கிரைண்டர் கடையில் புதிதாக வாங்கினோம். பிப்பெட்டுகள், டியூப்கள், சின்னச் சுழற்றும் இயந்திரம் எல்லாம் பெட்டி பிரிக்காதவை. அரைக்கிற ஆள் யார் என்றுதான் கேள்வி. நான் கூடாது. சங்கிலியோடு வருடக்கணக்காக வேலை செய்தவள். என் அபாயாவிலும் சப்பாத்திலும் எவ்வளவு ஒட்டியிருக்கும் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ரிஸ்னாவும் கூடாது. முன்னறைப் பக்கமே வராத ஆள் கஜன் ஒருவன்தான்.

"நானா?" என்றான். "நான் கிணத்துத் தண்ணி ஆள் மெடம்."

"அதுதான் உன்ட தகுதி. இறைச்சியும் நீதான் வாங்கணும். அம்பாறையில வாங்கு."

"பைக்குல போட்டுக்கிட்டு கல்முனைக்குள்ளால வந்தா என்னத் தோலுரிப்பாங்க."

"அம்பாறையால வாறவன் காரைதீவுச் சந்தியில இறங்காம கல்முனைக்கு என்னத்துக்கு வாறாய்? கண்ண மூடிக்கிட்டா ஓட்டுவாய்?"

புதன்கிழமை மத்தியானம் மரைக்கார் காரைதீவுக்கு வந்தார். பழைய ஆள், வெள்ளைத் தொப்பி, மடிப்புக் கலையாத சாரம். கடையில் தானே தெரிந்தெடுத்த புது ஜெலிக் கப்களோடு வந்திருந்தார். அவரையும் உள்ளே விடவில்லை. எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்து போனவர் அவர். கொட்டிலுக்கு அரைச்சுவர்தான். அவரும் நானும் வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு வாங்கு போட்டு உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்து நான் உள்ளே கஜனுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி" என்றார் மரைக்கார், சுவருக்கு மேலால் பார்த்தபடி. "எங்கட ஹலாலப் பாக்க ஒரு தமிழ்ப் பொடியன்தானா ஆம்புட்டான்?"

"காக்கா, இந்தக் கையில அழுக்கில்ல. எங்கட கையிலதான் அழுக்கு."

உள்ளே கஜனுக்குக் காது கேட்டது. "மரைக்கார், நான் குளிச்சிட்டுத்தான் வந்தன்" என்றான்.

"குளிச்சது காணும், வேலையப் பாரு" என்றேன்.

முதலில் வெறும் கிரைண்டரைக் கழுவிய தண்ணீர். பிறகு அரிசி. பிறகு ஜெலி. இறைச்சியில் ஒரு பொட்டை இன்னொரு ஜெலியில் கலந்து அரைப்பது கடைசி, மற்ற எல்லா டியூப்பையும் மூடிய பிறகு. இந்த ஒழுங்கு ஏன் என்று உங்களில் யாருக்காவது விளங்கவில்லை என்றால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அது விளங்கும்வரை யோசியுங்கள்.

கஜன் இறைச்சி டப்பாவை எடுத்ததும் மரைக்கார் எழுந்துவிட்டார். "அது அதா?" என்றார். ஓம் என்றேன். சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி தெருப்பக்கம் நடந்தார். நான் பின்னால் போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே கேட்டேன்.

"காக்கா, அது பட்டா என்ன செய்யிற?"

அவர் நின்றார். "தெரியாதா உனக்கு? ஏழு தரம் கழுவுற. ஒண்டு மண்ணால."

"சலீமுட பேர எத்தின தரம் கழுவுற? எதால கழுவுற?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நல்ல கோபம் இருந்தது. எனக்கு அதைவிடக் கூட இருந்தது. தெருவில் ஒரு பஸ் போகும்வரை நின்றார். பிறகு திரும்பி வந்து வாங்கில் இருந்தார். "தம்பி, கெதியா மூடு" என்றார் கஜனிடம். வேலை முடியும்வரை எழும்பவில்லை.

எல்லா டியூப்பிலும் மருந்து போட்டு, அங்கேயே மூடி, திறக்காமல் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து இயந்திரத்தில் வைத்தோம். வியாழன் காலையில் முடிவு வந்தது. கழுவிய தண்ணீரில் ஒன்றுமில்லை. அரிசியில் ஒன்றுமில்லை. ஜெலியில் மாடு இருந்தது, மெல்லிய கோடாக, ஜெலட்டினில் எதிர்பார்க்கிற அளவில். பன்றி இல்லை, ஆடு இல்லை, கோழி இல்லை. வேண்டுமென்றே பன்றி இறைச்சியில் ஒரு பொட்டுக் கலந்த ஜெலியில் மட்டும் பன்றி தெரிந்தது. சலீம் மாட்டு ஜெலட்டின் என்று சொன்னான். அது மாட்டு ஜெலட்டின்தான்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. பணிப்பாளர் எழுதி வைத்திருந்த அறிக்கையில் ஒரே வசனம் இருந்தது: மீள்பரிசோதனையில் பன்றியின் கூறு காணப்படவில்லை.

"முதல் முடிவு ஏன் பிழைச்சது எண்டு எங்க?" என்றேன்.

"அது உள் விசயம் மிஸ். வெளிய சொன்னா இனி ஆர் எங்களுக்கு மாதிரி அனுப்புற?"

"அனுப்பாட்டிப் போகட்டும். ரெண்டு நாளைக்கு முந்தி இரிக்கி எண்ட வாய் இண்டைக்கு இல்ல எண்டா, ஊர் எதை நம்பும்? முதல் சொன்னதைத்தான் நம்பும். அந்தப் பன்றி சலீமுட ஜெலியில வரல, எங்கட மேசையில வந்த எண்டு எழுதுங்க."

"எழுதாட்டி?"

"அரிசித் தாளக் கொண்டுபோய் நான் மரைக்காரிட்டக் குடுப்பன். அவர் விளங்கிக்கொள்வார். காரைதீவுல பக்கத்துல இருந்து பாத்தவர்."

அவர் என்னை அதற்குப் பிறகு ஒரு வருடம் சரியாகப் பார்க்கவில்லை. ஆனால் எழுதினார். கையெழுத்தும் வைத்தார். அந்தக் கையெழுத்து அவருக்கு எவ்வளவு கனமாக இருந்தது என்று எனக்குத் தெரியும், அதற்கு அவரை மதிக்கிறேன். மேசையை மாற்றிப் போட்டதற்கு இன்னும் மன்னிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மரைக்கார் ஒலிபெருக்கியில் அறிக்கையை வாசித்தார். வீட்டு முற்றத்தில் நின்று கேட்டேன். சலீமின் ஜெலி ஹலால் என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. அரிசிக் கதையையும் சொன்னார். "ஒரு பிடி பச்சரிசியை அந்த மெசினில் அரைத்தார்கள், அதிலும் பன்றி என்று வந்தது. அரிசி குற்றவாளி என்றால் சலீமும் குற்றவாளி" என்றார். பள்ளிக்குள் சிரிப்பு எழுந்தது. விஞ்ஞானத்தை அதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

எங்களுக்கு மாதிரிகள் குறைந்தன. கொஞ்ச காலம்தான். பிழையைத் தானாகச் சொன்ன இடம் என்று பிறகு வெளியூர்களிலிருந்தும் அனுப்பத் தொடங்கினார்கள். பழைய சங்கிலியை முழுக்க அழித்தேன். புதிதாகக் கோத்தபோது எந்த உயிரிலும் இல்லாத எழுத்துகளில் ஐந்தாவது துண்டு ஒன்றைச் சேர்த்தேன். அது எங்கே தெரிந்தாலும் நம் மேசையிலிருந்து போனது என்று உடனே தெரியும். நீங்கள் பயன்படுத்துவது அந்தச் சங்கிலிதான். முன்னறையில் ஒரு வாளியில் அரிசி இருக்கிறதே, ஏன் என்று சிலர் கேட்டீர்கள். ஒவ்வொரு தொகுதி மாதிரியோடும் ஒரு பிடி அரைக்கிறோம். கஜனின் வயல் அரிசி. அவன் இப்போது முன்னறைக்குப் பொறுப்பு, ரிஸ்னா பின்னறைக்குப் பொறுப்பு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தங்கள் அறைக்குள் விடுவதில்லை. அந்த அரிசி வாளியை இடைஞ்சல் என்று யாராவது தூக்கினால், ஓய்வு பெற்றவள் என்று பார்க்காமல் வருவேன்.

நோன்பு தொடங்கிய பிறகு ஒரு பின்னேரம் சலீம் ஆய்வுகூடத்துக்கு வந்தான். இரண்டு பெட்டி ஜெலி, நோன்பு திறக்க. மெலிந்திருந்தான். திருப்பி அனுப்பிய கடைகளில் பாதிதான் திரும்பி எடுத்திருந்தன. மற்றவை அடுத்த வருடம் பார்ப்போம் என்றனவாம். நன்றி சொல்ல வந்தவன் மாதிரி இல்லை. பெட்டிகளை என் மேசையில் வைத்துவிட்டு நின்றான்.

"ராத்தா, ஒண்டு கேக்கன். கோவிக்காதீங்க."

"கேள்."

"அந்த ஆட்டையும் கோழியையும் நீங்க பாக்காம உட்டிருந்தா?"

சமாதானம் சொல்லியிருக்கலாம். அல்லாஹ் காப்பாற்றினான் என்று சொல்லியிருக்கலாம். அவன் அதைக் கேட்க வரவில்லை.

"நீ கடைய மூடியிருப்பாய்" என்றேன். "நாங்க அடுத்த மாதிரிய எடுத்திருப்பம்."